பேர் எழுதாத சுருள்

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், செத்துப் போகிறவர்களுக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்தே வயிறு வளர்த்த எங்கள் ஊரில், எழுபது நாள் உப்பில் கிடந்து, துணி சுற்றி, முறைப்படி மலையடிவாரத்தில் புதைக்கப்பட்ட சலவைக்காரன், ஒன்பதாம் நாள் காலையில் திரும்பி வந்து தன் கல்லில் துணி அடிக்கத் தொடங்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த பெண்கள், அவன் முழங்கையில் கட்டுத்துணி அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்தார்கள், அவன் நடந்த தடமெல்லாம் குங்கிலியம் மணப்பதை மோந்தார்கள், பிறகு உள்ளே போய், இத்தனை நாளாகத் தாங்களே துவைத்துத் தோலுரிந்த கைகளால் அழுக்கு மூட்டையைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் வைத்தார்கள். எங்கள் ஊர் அப்படி. சாவு எங்களுக்குத் தொழில், தொழிலைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

நான் ஹோரி, எழுத்துக்காரன். அவன் திரும்பி வந்ததற்குக் காரணம் நான்தான். இதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் வேறு யார் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கிச் சொல்வார்கள், அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது பாருங்கள்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். செத்தவன் மேற்கே போகிற வழியில் வரிசையாக வாசல்கள் உண்டு, வாசலுக்கு ஒரு காவல்காரன், ஒருவன் கையில் கத்தி, ஒருவன் கையில் பாம்பு, எல்லாவற்றையும் தாண்டினால் தராசு வைத்த மண்டபம், ஒரு தட்டில் நம் நெஞ்சு, மறுதட்டில் ஓர் இறகு, நெஞ்சு கனத்தால் விழுங்குவதற்கு முதலைத் தலையோடு ஒரு பிராணி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது எங்கள் சுருளில் இருக்கும். வசதியுள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் பேரைப் போட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு, வேலை குறைந்த மாதங்களில் நாங்களே எழுதி, பேர் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுச் சுருட்டிப் பரணில் போட்டுவைப்போம். செத்தவர் ஒவ்வொருவரும் ஒசிரிஸ் சாமியின் பேரைத் தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், அதனால் சுருளில் ‘ஒசிரிஸ்’ என்று இருக்கும், அடுத்தாற்போல் விரல் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் இருக்கும். ஆள் செத்ததும் அதில் பேரை நிரப்பினால் முடிந்தது. ஒரு சுருளில் முப்பத்தொரு வெற்றிடம். அதில் ஒன்று, செத்தவன் தன் பேரை மறக்காமல் இருப்பதற்கான மந்திரத்தில் வரும்.

சலவைக்காரனுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. என் வீட்டுத் துணியை அவன் வெளுப்பது, அவன் செத்தால் நான் ஒரு சுருள் கொடுப்பது. பன்னிரண்டு வருஷம் வெளுத்தான். அவன் பெண்டாட்டி அவனுக்கு முன்னாலேயே போய்விட்டாள், பிள்ளை கிடையாது. செத்த செய்தி வந்ததும் நான் பரணிலிருந்து ஒரு சுருளை எடுத்தேன், விரித்தேன், கோலை மையில் தோய்த்தேன், முதல் வெற்றிடத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். கை அப்படியே நின்றது. அவன் பேர் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் என் கொல்லை வாசலில் வந்து நின்றவன். ‘சலவைக்காரா’ என்பேன், வருவான். ‘சலவைக்காரன் வந்திருக்கான்’ என்பாள் என் மனைவி ஹெனுத். வேறு பேர் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

யாரையாவது கேட்டிருக்கலாம், எழுபது நாள் இருந்தது. கேட்டால், அட, உனக்கே தெரியாதா என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவன்தானே, சாமிகளுக்கு எத்தனையோ வேலை, வரிக்கு வரியா பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதைக்கிற அன்றைக்கு நானேதான் நின்று வாசித்தேன், பேர் வருகிற இடத்தில் எல்லாம் இருமினேன். முப்பத்தொரு தடவை இருமினேன். ‘பாவம், அண்ணனுக்கு மலைத்தூசி ஒத்துக்கலை’ என்று ஒருத்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

இப்போது அவன் திரும்பி வந்து, ஊர்த் துணியைக் காயப்போட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு என் கொல்லை வாசலில் வந்து நின்றான். கையில் அந்தச் சுருள்.

“ஐயா, முதல் வாசல் வரைக்கும் நல்லாத்தான் போனேன். அங்க ஒருத்தன் பேரைக் கேட்டான். வாயைத் திறந்தேன், வரலை. எல்லாம் இதுல இருக்கும், எங்க ஐயா எழுதினதுன்னு குடுத்தேன். விரிச்சுப் பார்த்துட்டு, இங்க ஒண்ணும் இல்லையே, போய் எழுதி வாங்கிட்டு வான்னுட்டான்.”

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன்.

“என் பேரு என்னங்கய்யா?” என்று கேட்டான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சுருளை வாங்கி, வெயிலில் பிடித்து, பெரிய அக்கறையோடு பார்த்து, “ஈரக்கையால தொட்டியா?” என்றேன். “மை அழிஞ்சு போயிருக்கு பார். எத்தனை தடவை சொல்றது, எழுத்தை ஈரக்கையால தொடக்கூடாதுன்னு.”

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “மன்னிச்சுக்கங்க ஐயா, தெரியாமப் பண்ணிட்டேன்” என்றான். வடக்கே ஆறு நாள் படகுப் பயணத்தில் தன் தங்கை தமீத் வாத்து வளர்க்கிறாள், அவளைக் கேட்டால் சொல்வாள் என்றும், பெண்டாட்டி அந்தப் பக்கம், வாசலெல்லாம் தாண்டியவர்கள் போய்ச் சேருகிற நாணல் வயலில் காத்துக்கொண்டிருப்பாள், ரொம்ப நாள் ஆக்கினால் கோபித்துக்கொள்வாள் என்றும் சொன்னான். தன் பேர் மட்டும்தான் போயிருந்தது, மற்றதெல்லாம் அப்போது ஞாபகம் இருந்தது. பார்க்கலாம் என்றேன். அவன் என் வீட்டு மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் ஊர்ப்பெரியவர் பாசேர் எல்லோரையும் கூப்பிட்டு, அவன் பேர் என்ன, தெரிந்தவர் சொல்லுங்கள் என்றார். நாக்கு நுனியில் இருக்கிறது என்றார் ஒருவர், என் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அவர் போய்விட்டாரே என்றார் இன்னொருவர், பாசேரே தாடையைத் தடவிக்கொண்டு, போன மாதம்கூடச் சொன்னேனே என்றார். நூறு பேருக்கு மேல் இருந்தோம். செத்தவர்களின் பேர் அழியாமல் காப்பதற்கென்றே இருக்கிற ஊர், எங்கள் அத்தனை பேரின் உள்ளாடை வரைக்கும் தொட்டு வெளுத்த மனிதனின் பேர் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனோம்.

வெட்கம் பொல்லாதது, ஆனால் அதற்கு ஆயுசு குறைவு. முதல் பத்து நாள் ஊரே அவனிடம் குழைந்தது. ரொட்டி வைத்தார்கள், வெங்காயம் வைத்தார்கள், பார்லிக் கள் வைத்தார்கள், அவனால் சாப்பிட முடியாது, வாசனையை மட்டும் மோந்துவிட்டு நல்லா இருக்குங்க என்பான். ஆளுக்கு ஒரு பேராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஹூய் என்றார்கள், கென்னா என்றார்கள், பாக் என்றார்கள், அவன் ஒவ்வொன்றையும் சட்டை போட்டுப் பார்க்கிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்து, “இல்லைங்க, இது இறுக்குது”, “இது தொளதொளன்னு இருக்குங்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி, ஒரு நாளைக்கு நூறு பேர்களைச் சொல்லிக் கத்தினார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

ஆனால் துணி வெளுத்ததே, அது அலுக்கவில்லை. செத்தவனுக்குக் களைப்புக் கிடையாது. ஆற்றில் எந்த ஆழத்துக்கும் இறங்குவான், முதலைகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். முதுகுவலி என்று படுக்க மாட்டான், சாப்பாட்டுக்குப் போக மாட்டான், அவன் உடம்பிலேயே எழுபது நாள் உப்பு ஊறியிருந்ததோ என்னவோ, அவன் கை பட்ட துணி அப்படி ஒரு வெள்ளை வெளுத்தது, உடுத்தினால் கண் கூசும். அக்கரை நகரத்தில் பேச்சுக் கிளம்பியது. அங்கே கோயில்காரர்கள் துணியைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள், கல்யாணப் பெண்கள் எங்கள் ஊர் வெளுப்புத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள், எங்கள் ஊர் ஆட்கள் அக்கரைக்குப் போனால், நீங்க அந்த ஊரா என்று நின்று பேசினார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்துவிட்டோம். தினமும் காலையில் அவன் முதலில் எதிர்ப்படுகிறவரிடம், என் பேரு ஞாபகம் வந்துச்சுங்களா என்று கேட்பான், அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, நாளைக்குச் சொல்றேன் என்பார். இப்படியே ஆற்றில் அந்த வருஷத்து வெள்ளம் வந்து வடிந்தது.

அவன் நிழல் மெலிகிறது என்று முதலில் பார்த்தவள் ஹெனுத்தான். உச்சி வெயிலில் எல்லோர் நிழலும் கறுப்பாக விழும்போது அவனுடையது நனைந்த துணியின் தடம் மாதிரி மங்கலாக விழுந்தது. நாளுக்கு நாள் மங்கியது. பூசாரியைக் கேட்டோம். நிழலும் பேரும் ஒட்டிப் பிறந்தவை, பேர் போனால் நிழல் தேயும், நிழல் முழுக்கத் தேய்ந்தால் ஆள் இரண்டாவது தடவை செத்துப்போவான், அந்தச் சாவுக்கு அப்புறம் வாசலும் இல்லை, வயலும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை, ஒன்றுமே இல்லை என்றார் அவர். எங்களுக்குத் தெரியாததா, வருஷம் முழுக்க அதைத்தானே எழுதுகிறோம். பாசேர், “அதுக்கு இன்னும் நாள் இருக்கில்ல?” என்றார்.

அந்த வாரம் நான் ஒரு பணக்காரருக்குச் சுருள் எழுதிக்கொண்டிருந்தேன். தராசு மண்டபத்தில் நின்று சொல்ல வேண்டிய பட்டியல் ஒன்று உண்டு, நான் திருடவில்லை, நான் பொய் சொல்லவில்லை, நான் யாரையும் அழ வைக்கவில்லை என்று நீளமாகப் போகும், அதை என் ஆயுசில் நானூறு தடவையாவது எழுதியிருப்பேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்றைக்கு இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை. வெளியே துணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோலைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் வடக்கே போகிற படகில் ஏறினேன். வீட்டில் எழுதுகோலுக்கு நாணல் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். நல்ல காரியத்துக்குப் போகும்போதும் பொய்தான் சொன்னேன்.

தமீத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, வாத்துச் சத்தம் வழி காட்டியது. அண்ணனின் அதே நெற்றி. எந்த ஊர் என்று கேட்டதும் முகம் மலர்ந்து, “அண்ணன் எப்படி இருக்கு?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் செத்த செய்தியையே நாங்கள் இவளுக்குச் சொல்லவில்லை. சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அங்க அதை மரியாதையா வச்சிருந்தாங்களா? என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?”

“பேர் சொல்லித்தாம்மா கூப்பிடுவோம்” என்றேன்.

“அப்புறம், எதுக்கு ஆறு நாள் படகேறி வந்தீங்க?”

“சுருள்ல எழுதணும். அவர் பேர் என்னன்னு…”

சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் வாத்துக்குத் தவிடு போட்டாள், ஒவ்வொரு வாத்தையும் அதனதன் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், எல்லாம் வந்து தின்று முடித்த பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

“மெரிமாத். எங்க அப்பா வச்ச பேரு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்பி வருகிற எட்டு நாளும், ஓட்டத்துக்கு எதிர்ப் பயணம், மெரிமாத் மெரிமாத் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்கள் முன்னால் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். கரை இறங்கியதும் ஹெனுத்திடம் உண்மையைச் சொன்னேன், அவள் பாசேரிடம் சொன்னாள், பாசேர் அன்றைக்கே வீடு தேடி வந்துவிட்டார். “ஹோரி, நல்ல காரியம் பண்ணின. எழுதத்தான் வேணும், யார் வேண்டாம்னா? ஆனா வர்ற மாசம் அக்கரைத் திருவிழா. சாமித் துணி அத்தனையும் நம்ம ஊருக்குத்தான் வருது. அது முடியட்டும், மறுநாளே எழுதிடு. இத்தனை நாள் பொறுத்தவன் ஒரு மாசம் பொறுக்க மாட்டானா?” ஹெனுத் அழுக்கு மூட்டையைக் கட்டப் போனாள். நானும் சரி என்றேன். திருவிழா முடிந்தது, பாசேர் மகள் கல்யாணம் வந்தது. அது முடிந்தது, அறுவடை வந்தது. நான்கு மாதம் அந்தப் பேரை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அதே வாயால், மூட்டையைக் கொல்லையில் வச்சிருக்கேன் சலவைக்காரா என்று சொன்னேன். மறதிக்கு மன்னிப்பு இருக்கலாம், இதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் துணி கொடுக்க வந்தவன் போகாமல் நின்றான். தரையில் அவனுக்கு நிழல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இப்போதெல்லாம் அவன் பேரைக் கேட்பதையே விட்டிருந்தான்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்” என்றான். “எனக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சுங்களா?”

“ஆயிருந்துச்சு” என்றேன். “அங்க காத்துக்கிட்டு இருக்காங்க.” அவனை முன்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டு, நான் எழுதுகிற பாயில் உட்கார வைத்தேன். தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தான். சுருளை விரித்து முப்பத்தொரு இடத்திலும் எழுதினேன், என் கை அவ்வளவு நிதானமாக ஒருநாளும் எழுதியதில்லை. எழுதி முடித்து மை காய்கிறவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். “உங்க கை ஈரத்துல மை அழியலை. நான் எழுதவே இல்லை. அப்ப உங்க பேரே எனக்குத் தெரியாது.”

“அது தெரியுங்க” என்றார் அவர். “எழுத்துத் தெரியாது எனக்கு. ஆனா மைக்கறை பட்ட துணி எது, படாத துணி எதுன்னு தெரியாதுங்களா? உங்க வீட்டு மைக்கறையை எத்தனை வருஷம் வெளுத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான்.”

நான் பேரை வாசித்தேன். ஒசிரிஸ் மெரிமாத் என்று முப்பத்தொரு தடவை, ஓர் இடத்திலும் இருமாமல் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது தடவையிலேயே தரையில் நிழல் ஊறி வர ஆரம்பித்தது, முடிக்கும்போது என் நிழலைவிடக் கறுப்பாக இருந்தது. எழுந்து, பாயைத் தட்டிப் போட்டுவிட்டு, சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

சேதி அதற்குள் பரவி ஊரே வாசலில் நின்றது. மெரிமாத் மலையைப் பார்த்து நடந்தார், நடக்க நடக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று விடை பெற்றார். பாசேர் ஐயா வர்றேங்க, மெரித்தம்மா வர்றேன், கேமி பாப்பா வர்றேன் சாமி, நக்த் தம்பி வர்றேன் என்று கிழவனிலிருந்து தொட்டில் பிள்ளை வரைக்கும் ஒருத்தர் விடாமல் பேர் சொல்லிச் சொல்லி விடை பெற்றார். என் வீட்டு வாசலில் ஹெனுத்தைப் பேர் சொல்லி வணங்கிவிட்டு, எட்டு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் மட்டும் இருந்து செத்துப்போன எங்கள் மகளின் பேரையும் சொல்லி, “தியா குட்டியை அந்தப் பக்கம் பார்த்தா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்றேன்மா” என்றார். அவளுடைய துணிகளை அவர்தான் வெளுத்தார். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பேர் இப்போது ஞாபகமில்லை. ஹெனுத் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போயிட்டு வாங்க மெரிமாத் என்று சொன்னால் போதும், அன்றைக்கு அதைக்கூட நாங்கள் சொல்லவில்லை. மலை வளைவில் அவர் திரும்பியதும் உள்ளே போனோம்.

அதற்கப்புறம் மூன்று மாதம் பெண்கள்தான் துவைத்தார்கள். போன வாரம் தெற்கேயிருந்து புதிதாக ஒருவர் வந்து அந்தக் கல்லில் வேலை தொடங்கினார், நடு வயது, ஒரு காது கொஞ்சம் மந்தம். நான் முதல் ஆளாகப் போய் நின்று, ஐயா, உங்க பேர் என்ன என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு சிரித்துச் சொன்னார். நல்ல பேர், ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், அவருக்கும் சந்தோஷம். இன்று காலை மூட்டையோடு கொல்லை வாசலில் நின்று அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடியும் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.